தெறிக் கடைக்காரரின்ர மூக்கு

இஞ்சருங்கோ,

சுகமா இருக்கிறியளோ? முழங்கால் நோ குறைஞ்சிட்டுதோ? எனக்கு ஒரு குறையும் இல்லை. ரொறன்ரோக் குளிரும் பழகிட்டுது.

நான் காவலுக்கு நிக்கிற மியூசியத்தில இப்ப, ஹிட்லர் காலத்தில யூதருக்கு எதிரா ஒட்டின போஸ்டர்களை வைச்சிருக்கினம். எல்லாத்திலயும் ஒரே கொக்கி மூக்கு, ஒரே கள்ள முழி. நேற்று ஒரு யூத அம்மா அதுக்கு முன்னால நிண்டு சிரிச்சா. நான் பயந்துபோய்க் கிட்டப் போனன்.

"என்ர அம்மப்பாவுக்கு மூக்கே இல்லை எண்டுதான் சொல்லவேணும்" எண்டு கைப்பையிலயிருந்து படம் எடுத்துக் காட்டினா. சட்டை பூட்டுற தெறி விக்கிற கடை வைச்சிருந்தவராம். உங்களைப் போல சப்பை மூக்கு.

"எல்லாம் இவரிட்டத் தெறி வாங்கின சனந்தான். மதிலெல்லாம் அந்தப் போஸ்டரையே பார்த்துப் பார்த்து, கடைசியில இவரைக் கண்டாலும் அந்த முகந்தான் அவைக்குத் தெரிஞ்சுது" எண்டு சொன்னா. பிறகு என்னைக் கட்டிப்பிடிச்சிட்டுப் போனா.

மிளகாய்த்தூள் அனுப்பேக்க உங்கட படமொண்டும் வையுங்கோ. போனமுறை ஸ்ரூடியோவில வெள்ளையாக்கி அனுப்பினியள், அது ஆரோ, நான் கட்டின மனுசன் இல்லை. வழுக்கையும் மூக்கும் உள்ளபடி இருக்கோணும்.

நான் ஏறுற ஸ்ரீட்கார் வருது, நிப்பாட்டுறன். அந்த ஆரோவைத்தான் சுவரில மாட்டி வைச்சிருக்கிறன். பார்த்துப் பார்த்துப் பழகிப்போக முதல் அனுப்புங்கோ.

உங்கட
சுகிர்தா