மதகைத் திறந்த நாள்

ஒக்டோபர் 14, செவ்வாய்

என் பண்ணையின் இரண்டாம் குளத்து இறால்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய். நேற்றே பார்த்துவிட்டேன். அந்தத் தண்ணீருக்குக் குளோரின் போட்டு, கிருமி சாகும்வரை மதகை மூடிவைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாததா? ஆனால் குளோரின் வாடை வந்தால் ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும். மற்றக் குளத்து இறாலையும் எவரும் வாங்கமாட்டார்கள். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து மதகைத் திறந்தேன். அவ்வளவும் வாய்க்காலுக்குப் போனது.

ஒன்பது மணிக்கு ரமீஸா ராத்தா போன் எடுத்தார். அடுத்த பண்ணை அவருடையது. கணவர் மௌத்தான பிறகு தனியாகத்தான் நடத்துகிறார். தண்ணீர் எடுக்குமுன் பக்கத்துப் பண்ணையைக் கேட்பது எங்கள் வழக்கம்.

"தம்பி, வாய்க்கால் தண்ணி எப்பிடி? இண்டைக்கி எடுக்கலாமா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்.

"ஓம் ராத்தா, எடுங்க."

கொஞ்ச நேரத்தில் அவருடைய பம்பு ஓடத் தொடங்கியது. அது நிற்கும்வரை வரம்பிலேயே நின்றேன். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம்.

இரவு இஷா தொழுகைக்குப் பிறகு மறுபடி அழைத்தார்.

"குளம் நிரம்பிட்டு தம்பி. கீழ்ப் பண்ணைக்காரங்களும் கேட்டாங்க. தண்ணியில பிழை இல்ல, நீங்கதான் பாத்துச் சொன்னீங்க எண்டு சொல்லிட்டன்."

அவர்கள் விடிந்ததும் பம்பைப் போடுவார்கள். விடிவதற்குள் சொன்னால் அவர்களாவது தப்புவார்கள். ராத்தாவுக்கு என்ன சொல்வது?

போனை எடுத்து எடுத்து வைக்கிறேன். இன்னும் அழைக்கவில்லை.