அண்ணன் வாயில் என் பல்

11 அக்டோபர் 1979, வியாழன்

என் பல் செட்டை, மேல் கீழ் இரண்டையும், என் அண்ணன் சவரிராயன் பிணத்தின் வாயில் மாட்டி, போன வெள்ளிக்கிழமை உப்பளம் கல்லறையில் புதைத்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. நடந்த அநியாயம் இதுதான். வேறு எதையும் எழுதுவதற்கு முன் இதை எழுதி வைக்கிறேன்.

தூறல். முற்றத்தில் பாசி. கால் வைக்க முடியவில்லை.

ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். கிணற்றடி மாடத்தில் கண்ணாடி டம்ளரில் போட்டு வைப்பது வழக்கம். டம்ளர் இருந்தது, தண்ணீர் இருந்தது, பல் இல்லை. காக்கை என்று நினைத்தேன். இரண்டு நாள் சாக்கடையைக் குச்சியால் கிளறினேன். மகள் ரொசாலி சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இன்று போட்டோக்காரன் சாவு போட்டோ கொண்டுவந்தான். சவப்பெட்டியை வாசலில் சாய்த்து வைத்து, குடும்பமே சுற்றி நிற்கும் போட்டோ. பிரான்ஸ் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எட்டுப் பிரதி. அண்ணன் மகன் அந்துவான் ஒன்றை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“பாருங்க சித்தப்பா. அப்பா தூங்குற மாதிரியே இருக்காரு.”

இருபத்தைந்து வருஷத்தில் அண்ணன் முகத்தை முதல் தரம் பார்த்தேன். உதடு சரியாக மூடவில்லை. உள்ளே என் பல். சந்தேகமே இல்லை. இடது கோரைப்பல் கொஞ்சம் கோணல். என் சொந்தப் பல் அப்படித்தான் இருந்தது. அதேபோல் வைக்கச் சொல்லி, பல் கட்டும் காதர் பாயோடு சண்டை போட்டு வாங்கின கோணல் அது.

மதியம் கஞ்சி.

12 அக்டோபர், வெள்ளி

விசாரணை. கா. 9 மணி, கிணற்றடி. வந்தவர்கள்: அண்ணி தெரேஸ், அந்துவான், ரொ.

யார் எடுத்தது என்று கேட்டேன். பல் இல்லாமல் கேட்டதில் பாதி காற்றாகப் போயிற்று. இரண்டாம் தரம் கேட்கவேண்டி வந்தது.

அண்ணி: “நான் அழுதுகிட்டு கெடந்தேன் தம்பி. எனக்கு என்னா தெரியும்.”

அந்துவான்: “போட்டோக்காரன்தான் சொன்னான், கன்னம் குழி உழுந்து கெடக்குது, பல்லு இருந்தா வையுங்கன்னு. அப்பா செட்டை எங்க வச்சாருன்னு தெரியல. அவரு அதைப் போட்டே ஒரு வருஷம் ஆவுது.”

“அப்புறம்?”

ரொ. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “நான்தாம்பா எடுத்துக் குடுத்தேன்.”

“என்னுதுன்னு தெரிஞ்சா?”

“தெரிஞ்சுதான். சாமியார் வந்துட்டாரு, பொட்டிய மூடணும்னு நின்னாங்க. உங்களக் கேக்க வந்தேன். மூணு தரம் கதவத் தட்டினேன். நீங்க தெறக்கல. போட்டோ எடுத்ததும் கழட்டிடலாம்னு இருந்தேன், அதுக்குள்ள ஆணி அடிச்சுட்டாங்க.”

மூன்று தரம் தட்டினது உண்மை. கேட்டது. கடைசியாக ஒரு தரம் முகம் பார்க்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். திறக்கவில்லை. அதனால் குற்றம் என்னுடையது ஆகிவிடாது. தட்டத் தெரிந்தவளுக்கு வாயால் சொல்லத் தெரியாதா.

அந்துவானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஒரு தரம் அண்ணன் மொகத்தப் பாத்திருந்தா பல்லு மிஞ்சியிருக்கும் சித்தப்பா.”

பார்க்கமாட்டேன் என்று சொன்னது பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறின வருஷம். அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், சொல்தா. நான் மில்லில் தறி, சங்கத்து ஆள். இதே கிணற்றடியில் பேச்சு முற்றி, மோதிரக் கையால் ஒரு குத்து. என் முன்பல் இரண்டும் வாளித் தண்ணீரில் விழுந்தன. உன் மூஞ்சியில் இனி முழிப்பதில்லை என்றேன். முன்கட்டில் அவன், பின்கட்டில் நான், ஒரே கிணறு. இருபத்தைந்து வருஷம் சொன்ன சொல் தவறவில்லை. செத்தான் என்பதற்காகத் தவறவேண்டுமா?

முதல் இரண்டு பல்லை உயிரோடு இருந்து எடுத்தான். மிச்சத்தைச் செத்து எடுத்துக்கொண்டான்.

கல்லறைத் திருநாளுக்குள், அதாவது நவம்பர் இரண்டுக்குள், குழியின் மேல் சிமெண்டு போட்டு முடிக்கவேண்டுமாம். கொத்தனாரிடம் சொல்லியாயிற்றாம். ஆக எனக்கு மூன்று வாரம். அதற்குள் தோண்டி எடுக்கவேண்டும்.

தீர்ப்பு: நான் கஞ்சி குடிக்கிற வரைக்கும் ரொசாலிக்கும் கஞ்சிதான். பின்கட்டு அடுப்பில் வேறு எதுவும் ஏறக்கூடாது.

14 அக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்து சாமியாரைப் பார்த்தேன். “மெதுவா சொல்லுங்க பெரியவரே, ஒண்ணும் வெளங்கல” என்றார். காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். படித்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. குருவானவர் சிரிக்க இது இடமா?

திரும்பி, முகத்தைச் சரிசெய்துகொண்டு: “மந்திரிச்ச குழி. முனிசிபாலிட்டி மேரியில உத்தரவு கெடைக்காம தோண்ட முடியாது. செத்தவங்களத் தூங்க வுடுங்க.”

தூங்கட்டும். நான்கூடத் தினம் பல்லைக் கழற்றிவிட்டுத்தான் தூங்குகிறேன்.

இதையும் எழுதிக் காட்டினேன். காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

15 அக்டோபர், திங்கள்

மேரி, அதாவது நகராட்சி ஆபீஸ். இரண்டு மணி நேரம் பெஞ்சில். குமாஸ்தாவுக்கு எனக்குப் பேரனாகிற வயது.

“பிரேதத்து மேல கேஸு எதுனா இருக்கா? வெஷம், அடிதடி?”

“திருட்டு.”

“யாரு திருடுனது?”

“பிரேதம்.”

பேனாவைக் கீழே வைத்தான். “அண்ணே, இங்க வாங்களேன்” என்று அடுத்த மேசைக்காரனைக் கூப்பிட்டான். மறுபடி சொல்லச் சொன்னான். மூன்றாவது ஆள் டீ கிளாசோடு வந்தான். மூன்று பேருக்கும் மூன்று தரம் சொன்னேன். கடைசியில் “பெருசு, வூட்டுக்குப் போயி பாயாசம் குடி, அதுக்குப் பல்லு வேணாம்” என்றான்.

அவன் பல் நன்றாக இருந்தது. முப்பத்திரண்டும். எத்தனை நாளைக்கு.

17 அக்டோபர், புதன்

முதலியார்பேட்டைக்கு நடந்தேன். பஸ்ஸில் பேசவேண்டி வரும் என்பதால் நடை. காதர் பாய் கடை. வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். கட்டைவிரலால் கீழ் ஈறை அழுத்தினார்.

“மேல் செட்டு கட்டிடலாம். கீழ நிக்காது. எலும்பு கரைஞ்சு போச்சு, புடிப்பே இல்ல. பழசு எட்டு வருஷமா உங்க ஈறோட சேந்து பழகி நின்னுச்சு. அதே மாதிரி புதுசு நிக்கும்னு நான் பொய் சொல்லமாட்டேன்.”

“பழைய அச்சு?”

“அச்சுல்லாம் எட்டு வருஷமா வச்சிருப்பாங்களா? ஒடச்சாச்சு.” விளக்கை அணைத்து வைத்தார். பிறகு, “அந்தக் கோணப் பல்லு ஞாபகம் இருக்கு. அதுக்கு என்னை என்னா பேச்சுப் பேசுனீங்க” என்றார்.

பாய் ஒருவர்தான் இதுவரை சிரிக்காதவர். குறித்து வைக்கிறேன்.

ஆக, மண்ணுக்குள் இருப்பது ஒன்றுதான் எனக்குப் பல். அது வராவிட்டால் சாகிறவரை கஞ்சி.

20 அக்டோபர், சனி

நல்ல மழை. பின்கட்டு இரண்டு இடத்தில் ஒழுகல். வாளி, அண்டா.

அண்ணி வந்தாள். கையில் சாசர், மேலே கைக்குட்டை. அண்ணன் பட்டாளப் பெட்டியின் அடியில், கோட்டுப் பைக்குள் இருந்ததாம். சைகோனில் கட்டின செட்டு. வரிசையாக, வெள்ளையாக, துரை பல் மாதிரி.

“ஒரே அப்பன் புள்ளைங்க. ஒரே தாடை. கழுவிட்டுப் போட்டுப் பாருங்க தம்பி. அவரும் மேல இருந்து சந்தோஷப்படுவாரு.”

“நாய்க்குப் போடுங்க அண்ணி.”

“என்ன வார்த்தை பேசுறீங்க.”

“என் வாயிலேர்ந்து இனிமே இந்த மாதிரி வார்த்தைதான் வரும். நல்ல வார்த்தைக்குப் பல்லு வேணும்.”

அழுதாள். கணவன் செத்துப் பதினாறு நாள். அழட்டும், அழத் தனியாக ஒரு காரணம் என்னால் கிடைத்தது. சாசரை மாடத்தில், என் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

முன்கட்டுக் கூடத்தில் போட்டோவைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். மாலை, சின்ன பல்பு. கக்கூஸ் போகவேண்டுமென்றால் அந்த வழியாகத்தான் போகவேண்டும். தினம் நாலு தரம் என் பல்லைப் பார்க்கிறேன்.

23 அக்டோபர், செவ்வாய்

ரொ. கட்டுப்பாட்டை மீறினாள். பதினோரு நாள் கஞ்சி குடித்தவள் இன்று வைத்திக்குப்பத்துக் கூடைக்காரியிடம் நெத்திலி வாங்கி, முறுகலாக வறுத்து, எனக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்றாள். தலையோடு. ஒவ்வொன்றும் சத்தம் கேட்டது.

“எடுத்து வை” என்றேன்.

“நான் எதுக்குப்பா எடுத்து வைக்கணும். எனக்கு முப்பத்தெட்டு வயசு. எனக்கு வந்த மாப்பிள்ளை அஞ்சு பேரையும் நீங்க ஒவ்வொரு நொட்டை சொல்லித் திருப்பி அனுப்புனீங்க. ஒருத்தரு பெரியப்பா கூட்டிட்டு வந்தாருன்னே அனுப்புனீங்க. எங்கிட்ட இருக்கிறது இந்தப் பல்லுதான். தின்னுட்டுப் போறேன்.”

பிறகு: “மூணு தரம் தட்டுனேன்ல. மூணாவது தரம் நெத்தியால தட்டுனேன். கை முழுக்க சாம்பிராணி.”

இரண்டு மீனை என் தட்டில் போட்டாள். மெல்ல முடியாது என்று தெரிந்தே போட்டாள். நக்கிப் பார்த்தேன். உப்பு அதிகம்.

27 அக்டோபர், சனி

உப்பளம் கல்லறை. மழை விட்டு வெயில். சின்னப்பன் புல் செதுக்கிக்கொண்டிருந்தான். நாற்பது வருஷமாகக் குழி வெட்டுகிறவன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். திறந்து எடுத்துக் கொடு.

“சாமியாருக்குத் தெரிஞ்சா எனக்குச் சோறு போச்சு முசே. அது உங்க குடும்பக் குழிதானே. அடுத்த ஆள் வரும்போது எப்படியும் தெறப்போம். பழைய எலும்ப ஒதுக்கி வச்சுட்டுத்தான் புதுப் பொட்டி எறக்குறது. அப்போ பாத்துக்கலாம்.”

“அடுத்த ஆள் யாரு?”

என்னை மேலிருந்து கீழ் ஒரு தரம் பார்த்தான். அளவெடுக்கிற பார்வை. பிறகு புல்லைப் பார்த்தான்.

29 அக்டோபர், திங்கள்

கொத்தனார் வருவதற்கு முன் போய்க் குழி மேல் உட்கார்ந்தேன். கா. 7 முதல். மண் ஈரம், வேட்டி நனைந்தது. கொத்தனார், இரண்டு சித்தாள் பெண்கள், சிமெண்டு மூட்டை. எழுந்திரிக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். நான் பேசுவதைப் போலவே ஒரு சித்தாள் உதட்டை உள்ளே மடக்கிப் பேசிக் காட்டினாள். நன்றாகவே செய்தாள்.

பத்து மணிக்கு அந்துவான் வந்தான். குனிந்து கக்கத்தில் கை கொடுத்து, மூட்டையைத் தூக்குவதுபோல என்னைத் தூக்கிப் பக்கத்துக் கல்லறை மேல் உட்கார வைத்தான். “இங்கேர்ந்து பாருங்க சித்தப்பா. நெழலு இருக்கு.”

அவன் அப்பன் கை அது. அதே கனம். மோதிரம்கூட அதே மோதிரம்.

பன்னிரண்டரைக்குப் பூச்சு முடிந்தது. ஈரச் சிமெண்டில் கரணையால் சிலுவை கீறினார்கள். பார்த்துக்கொண்டிருந்தேன்.

30 அக்டோபர், செவ்வாய்

வீட்டில் யாரும் இல்லை. ரொ. ரேஷனுக்கு. முன்கட்டுக்காரர்கள் கோயிலுக்கு.

சாசரில் இருந்ததை எடுத்து உப்புத் தண்ணீரில் மூன்று தரம் கழுவினேன். சோதித்துப் பார்க்கத்தான். மேல் செட்டு ஏறி உட்கார்ந்தது. கீழும். பிடிப்பு. என்னுடையது முதல் வருஷம் ஈறை அறுத்தது. இது எங்கேயும் அறுக்கவில்லை.

ரொட்டி இருந்தது, நீள ரொட்டி, காலையில் வாங்கினது. ஓரத்து முறுகலைக் கடித்தேன். கடிபட்டது. இருபத்தாறு நாளுக்குப் பிறகு. பாதி ரொட்டியை நின்றபடியே தின்றேன்.

கண்ணாடியில் பார்க்கக்கூடாது என்று இருந்தேன். பார்த்துவிட்டேன். அவன் நின்றான்.

இந்தப் பக்கத்தைக் கிழிக்கவேண்டும்.

31 அக்டோபர், புதன்

கிழிக்கவில்லை. காலையில் பழக்கத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ரொ. தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டாள். வாளி கிணற்றுக்குள் போயிற்று.

“பெரியப்பா மாதிரியே இருக்கீங்கப்பா.”

“வாளிய எடு.”

2 நவம்பர் 1979, வெள்ளி

கல்லறைத் திருநாள். மூட்டம், மழை இல்லை. எல்லாரும் மெழுகுவர்த்தியோடு போனார்கள். நானும் போனேன். அவனுக்கு ஏற்றவில்லை. பக்கத்துக் கல்லறைக்கு ஒன்று ஏற்றினேன், நிழல் கொடுத்ததற்காக. அண்ணி என் வாயைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

என் காலத்துக்குப் பின் செய்யவேண்டியவை. இந்தப் பக்கத்தை ரொசாலி பிரதி எடுத்து எல்லாரிடமும் கொடுக்க.

சின்னப்பன் (அவன் இல்லையென்றால் அப்போது குழி வெட்டுகிறவன்): சிமெண்டை உடைத்ததும், எலும்பை ஒதுக்குவதற்கு முன், அண்ணன் மண்டையிலிருந்து என் செட்டை எடுக்க. மேல், கீழ் இரண்டும். அடையாளம்: இடது கோரைப்பல் கோணல்.

காதர் பாய்: கழுவிச் சரிபார்க்க. அவருக்கு மட்டும் என் முகம் பார்க்க அனுமதி உண்டு.

அந்துவான்: கூடத்துப் போட்டோவை அன்றைக்கே இறக்க. என்னைத் தூக்கக்கூடாது. வேறு நாலு பேர் தூக்கட்டும்.

அண்ணி: முன்கட்டிலேயே இருக்க. அழவேண்டாம்.

போட்டோ எடுக்கவேண்டாம். யாரும்.

ரொசாலி: அதுவரை என் வாயில் இருக்கும் அண்ணன் செட்டைக் கழற்ற. என்னுடையதை மாட்ட. பெட்டி மூடுவதற்கு முன் ஒரு தரம் தட்டினால் போதும்.

கழற்றின செட்டை அவனுக்குத் திருப்பி வைக்க யாராவது நினைப்பீர்கள். வைக்கக்கூடாது. கிணற்றில் போட. அவன் வெறும் வாயோடு என் பக்கத்தில் கிடக்கட்டும். போடவேண்டியவள்: ரொசாலி.