அலமாரியில் விட்டுப்போன புடவை

கிள்ளை
ஜனவரி 19

அத்தைக்கு,

இல்லை. அம்மாவுக்குப் புரியவில்லை. நேற்று போனில் அதைத்தானே சுற்றிச் சுற்றிக் கேட்டீர்கள். அம்மா பக்கத்தில் இருந்தாள், அதனால் உம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும். நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தில்தான் நானும் படித்தேன்.

இங்கே எல்லோரும் நலம். மாமாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள். தீபிகாவின் நிச்சயதார்த்தத் தேதியையும். கேட்டுவிட்டேன்.

பூர்வீகம் பார்க்க வருகிறோம், சம்பந்தி வீட்டாரும் கூட வருகிறார்கள், அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று நவம்பரில் எழுதியிருந்தீர்கள். லாட்ஜ், கார் எல்லாம் நான்தான் ஏற்பாடு செய்தேன். சந்தோஷமாகத்தான் செய்தேன்.

முதல் நாள் கடலூர் முதுநகர். ஒரு பழைய மாடி வீட்டின் முன்னால் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தீர்கள். எங்கள் அப்பா கட்டிய வீடு என்றீர்கள். யாரோ வியாபாரியின் வீடு அது. உங்கள் அப்பா அந்த வாசலில் நின்றிருந்தால் மீன் கொடுக்கத்தான் நின்றிருப்பார். வீடுதானே, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சிதம்பரம் கோவில். மூன்றாம் நாள் பிச்சாவரத்தில் படகு. போகிற வழியில் நம் வீடு. பத்து நிமிஷம்தான் என்று டிரைவரிடம் நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது.

அந்தப் பத்து நிமிஷத்துக்கு அம்மா ஒரு வாரம் தயாரானாள். வீடு நாறும் என்று மீன் கூடையைத் தொடவில்லை. வியாபாரத்துக்குப் போகவில்லை. சிதம்பரம் கோ-ஆப்டெக்ஸுக்கு இரண்டு தடவை போனாள். முதலில் எடுத்த பச்சை உங்கள் நிறத்துக்கு எடுக்காது என்று அரக்காக மாற்றினாள். அப்பா போனபிறகு முதல்முறையாக வருகிறீர்கள். நான்கு வருஷம். பிறந்த வீட்டுப் புடவை இல்லாமல் நாத்தனாரை அனுப்புவதா?

புருஷனை இழந்தவள் கையால் மஞ்சள் குங்குமத் தட்டு கொடுக்கக் கூடாது என்பார்களே, அதற்காகப் பக்கத்து வீட்டு லோகநாயகி அக்காவைத் தட்டோடு நிற்க வைத்திருந்தாள். கார் வந்து நின்றதும் அம்மாவே அதைப் பிடுங்கிக்கொண்டாள். எனக்கு மூணாவது முடிச்சு போட்டவ அவ, நான்தான் குடுப்பேன், நீ தள்ளுடி என்றாளாம்.

தட்டை வாங்கிக்கொண்டு சம்பந்தியம்மாவிடம் நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். படித்துப் பாருங்கள்.

இந்த அம்மா எங்கள் வீட்டில் வேலை செய்தவர். இந்த ஊரில் பழைய வேலைக்காரர்கள் இப்படித்தான், விசுவாசமானவர்கள்.

மாமா கார் டயரைப் பார்த்தார். தீபிகா என்னைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. சம்பந்தியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு ஒரே பெருமை. எம்மாம் மரியாதியான சம்பந்தி பாரு என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பிறகு காரிலிருந்து ஒரு பை வந்தது. போட்டுப் பழசான துணி. சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று, முழங்கையில் நூல் பிரிந்தது. கிள்ளைக்கு ஸ்வெட்டர்.

தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. உங்களுக்கும் தெரியும். அம்மா அந்தப் பையை அப்படித்தான் வாங்கிக்கொண்டாள். நாத்தனார் தான் உடுத்தியதையே கொடுத்திருக்கிறாள், அவ்வளவு ஒட்டு. விடிகாலையில் முடசல் ஓடை மீன்துறைக்கு மீன் எடுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறாள். ஏலத்தில் நிற்கிற பெண்கள் விடுவார்களா? இன்னா தங்கம்மா, லண்டனுக்குக் கிளம்பிட்டியா என்று கேலி. என் நாத்தனாருது என்கிறாள். கேட்காதவர்களிடமும் சொல்கிறாள்.

அப்பா ஒருமுறை சொன்னார். காலேஜ் போகும்போது அம்மா கூடையோடு ஏறின பஸ்ஸை விட்டுவிட்டு நீங்கள் அடுத்த பஸ்ஸில் போவீர்களாம். படிக்கிற புள்ள, துணியில வாடை ஒட்டக் கூடாதில்ல என்றாளாம் அம்மா. உங்களுக்கான காரணத்தை எப்போதும் அவளே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அது வரவில்லை.

நீங்கள் விமானம் ஏறிய மறுநாள் லாட்ஜிலிருந்து கூப்பிட்டார்கள். அலமாரியில் ஒரு பை இருக்கிறது, மேடம் மறந்துட்டாங்க போல என்று. போய் வாங்கினேன். கோ-ஆப்டெக்ஸ் பை. மடிப்பு கலையவில்லை. மேலே வைத்த மஞ்சள் கிழங்குகூட அப்படியே. மறந்திருப்பீர்கள் என்று ஒரு நாள் முழுக்க நம்பப் பார்த்தேன். பெட்டியில் இடமில்லாமல் இருக்கலாம் என்றும். ஆனால் சன்னதித் தெருவில் மூன்று நடராஜர் சிலை வாங்கினீர்கள். பேரம் பேசியது நான்.

அம்மாவிடம் சொல்லவில்லை. புடவை என் புத்தகங்களுக்குப் பின்னால் இருந்தது. அவள் தினமும் கேட்கிறாள். நிச்சயத்துக்கு அதைத்தான கட்டுவா? போட்டோ அனுப்பச் சொல்லு. நேற்றும் கேட்டாள். இதற்குமேல் என்னால் பொய் சொல்ல முடியாது. உங்களுக்காக நிச்சயம் முடியாது.

அதனால் புடவையை அனுப்புகிறேன். நிச்சயத்தன்று கட்டிக்கொள்ளுங்கள். ஒரு படம் அனுப்புங்கள். யார் கொடுத்தது என்று சம்பந்தியம்மா கேட்டால் என்ன சொல்வீர்களோ, அது உங்கள் பாடு. படம் வரவில்லை என்றால் அந்த ஸ்வெட்டர் ஏன் வந்தது என்று நான் அம்மாவிடம் சொல்லவேண்டி வரும். அதை என்னைச் செய்ய வைக்காதீர்கள்.

தீபிகாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை:

புள்ள நல்லா இருக்கட்டும். எனக்கு அமைஞ்ச மாதிரியே அதுக்கும் ஒரு நல்ல நாத்தனார் அமையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்
அருள்மொழி

பி.கு. இதைச் சிதம்பரம் தபால் நிலையத்தில் நின்று எழுதுகிறேன். பார்சலின் மேல் அனுப்புபவர் பெயரை எழுதினேன். தங்கம்மாள், ஜெயராணியின் அண்ணி. வெளிநாட்டுக்குப் போகிறது, இங்கிலீஷில் எழுதும்மா என்றார்கள். இங்கிலீஷில் எழுதினேன்.