ஜெயபாலனின் பெல்வரா கிட்டார்

5 ஜனவரி 2025, குளுவாங், மலேசியா

ஜெயபாலன் இன்று ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டாரோடு வந்தான். பக்கத்து ஊர் பாலோவில் பழைய சாமான் கடையில் கிடைத்ததாம். கிட்டாரின் தலைப்பகுதியில் ‘பெல்வரா’ என்று பெயர். அந்தக் காலத்தில் இறக்குமதி செய்தவன் யாரோ ஒட்டியது. செய்தவன் யார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. “எந்த ஊரு சாமான்னு பாத்து சொல்லுடா தங்கா” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனான்.

போன மாதம் அதே கடையில் அதே கிட்டாரை நானும் கையில் எடுத்தேன். தெரியாத பெயர் என்று திரும்ப வைத்துவிட்டேன். இருபது வருடமாக ஊர்க்காரர்களுக்குக் கிட்டார் சரிசெய்து கொடுக்கிற நான்!

6 ஜனவரி

நான்கு திருகாணிகளைக் கழற்றி, கம்பிகள் ஓடும் நெக்கைப் பிரித்தேன். உள்ளே மரத்தில் ஜப்பான் எழுத்தில் முத்திரை, பக்கத்தில் 1974. அந்தக் காலத்து ஜப்பான் கிட்டார் என்றால் இப்போது தேடி அலைகிறார்கள். திரும்ப மாட்டி ஒரு மீட்டு மீட்டினேன். என்ன சத்தம் அது! எங்கள் இசைக்குழுவில் அவன் முன்னால் நின்று வாசிக்கும் லீட் கிட்டார், நான் பின்னால் தாளம் பிடிக்கும் ரிதம். பாட்டு முடிந்தால் அவனைத்தான் தேடி வருவார்கள். இப்போது இதுவும் அவனுக்கா?

8 ஜனவரி

சொல்லிவிட்டேன். “ஜப்பான் இல்லடா. பலகைய ஒட்டி எங்கயோ மட்டமா செஞ்சது.”

என் முகத்தையே பார்த்தான். பரவாயில்லை, சத்தம் பிடித்திருக்கிறது என்றான். நான் விடவில்லை. என்னுடைய பெயர்போன கம்பெனிக் கிட்டாரை எடுத்துக்கொள், இதை உதிரிப் பாகத்துக்கு நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். பெல்வராவின் கம்பிகளை ஒரு முறை தடவினான். பிறகு “சரி லா” என்றான்.

அவ்வளவு சுலபமா?

26 ஜனவரி

லாயாங் லாயாங் ஊரில் கல்யாணக் கச்சேரி. பன்னிரண்டு வருடம் என் கையில் இருந்தபோது வராத சத்தம், நான் மாற்றிக் கொடுத்த கிட்டாரிலிருந்து அவனுக்கு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மேடைக்கு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பெல்வராவோடு நான் பக்கத்தில்தான் நின்றேன்.

என்னத்தடா புடுங்கிட்டேன் நான் அவன்கிட்டருந்து? ஒண்ணுமே இல்ல.

29 ஜனவரி

அவன் வீட்டுக்குப் போய் பெல்வராவை நாற்காலியில் வைத்தேன். “இது ஜப்பான்தான்டா. பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும். வாங்குன அன்னிக்கே நெக்கக் கழட்டிப் பாத்துட்டேன்.”

“அப்புறம் எதுக்கு என்கிட்ட கொண்டாந்த?”

“நீயும் பாத்து சந்தோசப்படுவேன்னுதான்.”

பிறகு ஏன் மாற்றிக்கொண்டாய் என்றேன். நான் அத்தனை ஆசைப்பட்டதைப் பார்த்ததும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லையாம். கோபமாகச் சொல்லவில்லை. என் கிட்டாரை உறையில் போட்டுக் கொடுத்தான். எப்போதும் கார்வரை வருகிறவன் வாசலோடு நின்றுவிட்டான்.

3 பிப்ரவரி

போன் இல்லை. நானும் பண்ணவில்லை.

16 பிப்ரவரி

பெக்கோக்கில் கல்யாணக் கச்சேரி நடந்ததாம். எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் செல்வா கடைத்தெருவில் பார்த்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னான். ஜெயபாலன் பெல்வராவோடு வந்தானாம். ரிதம் வாசித்தது விஜயன் என்று யாரோ.

விஜயன் எப்படி வாசித்தான் என்று நான் கேட்கவில்லை. பாட்டு நடுவே என்னைப் பார்த்துச் சிரிப்பதைப் போல ஜெயபாலன் அவனைப் பார்த்தும் சிரித்தானா என்று மட்டும் கேட்டேன்.

சிரித்தானாம்.