பெயர் வராத படத்துக்கு மூன்று டிக்கெட்

மேற்கு மாம்பலம்,
20.11.2025

அன்பு மகள் கீர்த்திக்கு,

அப்பா ஆசியுடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். தி.நகர் கடையில் தீபாவளிக் கூட்டம் ஓய்ந்துவிட்டது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ ஒன்று சொல்கிறாய், பின்னால் கேட்கிற சத்தம் வேறொன்று சொல்கிறது. அதனால்தான்.

முதலில் படத்தைப் பற்றி. நீ அமெரிக்காவில் இரண்டு வருஷம் கம்ப்யூட்டரில் கடல் அலை செய்துகொடுத்தாயே, அந்தக் கப்பல் படம் இங்கே வந்துவிட்டது. வழக்கம்போல எல்லோரும் எழுந்து போன பிறகும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கூட்டுகிறவர்கள் வந்து காலைத் தூக்கச் சொன்னார்கள். கடைசிப் பெயர் வரைக்கும் படித்தேன். உன் பெயர் இல்லை. உன் பக்கத்து இருக்கையில் வேலை செய்த கொரியாக்காரப் பெண்ணும் இல்லை, அந்த இரான்காரரும் இல்லை. பெயர் போட மறந்திருப்பார்கள் என்று நீ போனில் சொன்னாய். மறந்தால் ஒருவரை மறப்பார்கள். வெளிநாட்டுக்காரர்களாகப் பார்த்தா மறப்பார்கள்?

அதைவிடப் பெரிய சந்தேகம் உன் அம்மா மேல். முந்தைய மூன்று படங்களிலும் உன் பெயர் வரும் முன்பே கை தட்டத் தயாராக இருந்தவள், இந்தத் தடவை மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

போன புதன்கிழமை காலை ஏழரைக்கு நீ கூப்பிட்டாய். அங்கே மாலை ஆகிவிட்டது, இப்போதுதான் ஆபீசிலிருந்து வந்தேன் என்றாய். நீ பேசிக்கொண்டிருக்கும்போதே கார்ப்பரேஷன் குப்பை வண்டிப் பாட்டு கேட்டது. நம் தெரு வண்டி என்று நினைத்து வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். தெருவில் வண்டியே இல்லை. அமெரிக்காவில் எந்த ஊரில் தமிழில் பாடிக் குப்பை வாங்குகிறார்கள்?

அப்புறம் யோசித்தேன். உன் அம்மா தங்கபுஷ்பம் இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் அடையாறு கோயிலுக்கு என்று சொல்லிக் கிளம்புகிறாள். பட்டினப்பாக்கத்தில் வஞ்சிரம் வாங்கிவந்து குழம்பு வைத்துத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போகிறாள். எந்தச் சாமிக்கு மீன்குழம்பு படைக்கிறார்கள்? நான் கேட்கவில்லை. போன ஞாயிறு பின்னாலேயே போனேன். உன் காலேஜ் தோழி உம்மே ஹானியின் வீட்டுக்குள் நுழைந்தாள். மாடிக் கொடியில் அந்த நீலப் புட்டாத் துணி காய்ந்தது. உனக்கென்று நான் வெட்டிக் கொடுத்தது. மீதித் துணியை யாருக்கும் விற்கவில்லை. முப்பது வருஷம் துணிக்கடையில் உட்கார்ந்தவனிடம் இதையாவது நீங்கள் மறைத்திருக்க வேண்டாமா?

ஆனால் நான் படியேறி வரவில்லை. எதிர்ப் பெட்டிக்கடையில் ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு ஆறும் வரை நின்றேன்.

அந்த நாட்டு வேலை அந்த நாட்டுக்காரர்களுக்கே என்று சொல்லி விசாவை இறுக்குகிறார்கள், வெளிநாட்டுக் கலைஞர்களை வைத்துக்கொள்ள ஸ்டுடியோக்காரர்களும் பயப்படுகிறார்கள் என்று பேப்பரில் படித்தேன். உன்னை வேலையிலிருந்து அனுப்பியதில் உன் தப்பு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னவள் என்னிடம் ஏன் மறைத்தாய் என்பதும் தெரியும்.

நம் கடையில் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்த ஹபீபுர் ரஹ்மானை நினைவிருக்கிறதா? வங்காளத்திலிருந்து வந்தவன். நாலு பேர் கடைக்கு வந்து, இவன் எந்த நாட்டுக்காரன் என்று கேட்டார்கள். அவன் எல்லாக் காகிதத்தையும் காட்டினான். ஆனாலும் எனக்கும் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. வம்பு வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். உன் பெரியப்பா மகன் ஹரி கல்யாணத்தில் அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்: “தெறமை இருக்கவன் அவன் ஊர்லயே பொழைக்க வேண்டியதுதான? இங்க எதுக்கு வாரான்?” நீ அமெரிக்காவிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தாய். “அப்பா, நானும் இங்க வெளியூர்க்காரிதானே?” என்றாய். உன் கதை வேற என்று சிரித்தேன்.

வேறு இல்லை கீர்த்தி. வெட்கமாக இருக்கிறது.

நேற்று அவனைக் கூப்பிட்டு, திரும்பி வா என்றேன். சூரத்தில் இருக்கிறானாம். உன்னையும் அம்மாவையும் விசாரித்தான். பிறகு, வேண்டாம் முதலாளி என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டான். நீயும் அப்படிச் சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் போன் செய்யாமல் எழுதுகிறேன்.

உறையில் உம்மே ஹானி வீட்டு விலாசம்தான் போட்டிருக்கிறேன். உன் அம்மாவைத் திட்டவில்லை, அவளிடம் இன்னும் சொல்லவும் இல்லை.

அந்தப் படம் இன்னும் ஓடுகிறது. வருகிற ஞாயிறு மதியக் காட்சிக்கு மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன். பெயருக்காகக் காத்திருக்க வேண்டாம். படத்தில் எது உன் அலை என்று நீ பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும், நான் கை தட்டுகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நம் வீட்டில் இருக்க வேண்டும்.

உன் அப்பா,
ஜவஹர்