காரணம் கூற இயலவில்லை

அப்பா,

இன்று காலை பக்கத்துக் கொல்லையில் வேர்க்கடலைக்கு மருந்து அடித்தார்கள். அந்த வாடை வீட்டுக்குள் வந்ததும், அக்காவின் முகத்தருகே குனிந்து நின்ற உன் முதுகுதான் நினைவுக்கு வந்தது.

2005. பெருமுக்கல் பக்கம் அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கிடத்தியிருந்தார்கள். "நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கறதுக்குள்ள போயிட்டா மாமா" என்றார் அவள் புருஷன். நீ அழவில்லை. அவள் வாயை மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாய்.

"இது பூச்சி மருந்து வாடை. நான் போலீசுக்குப் போறேன்."

சொந்தக்காரர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு நடந்தாய்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், குடலும் ஈரலும் சோதனைக்குப் போகின்றன, முடிவு வந்த பிறகுதான் காரணம் எழுத முடியும் என்றார். அதற்கப்புறம் உப்பளத்தில் வேலை விட்டதும் காலைக்கூடக் கழுவாமல் ஸ்டேஷனுக்குப் போவாய். "வரும், போப்பா" என்பார்கள். வந்து சோற்றைப் பிசைந்தபடி என்னிடம் சொல்வாய்: "அவளே குடிச்சாளா, குடுத்தாங்களா? அது தெரிஞ்சா போதும்மா."

மாதங்கள் கழித்து வந்தது முடிவு. உறுப்புகள் அழுகிவிட்டனவாம், விஷம் இருந்ததா என்று சொல்ல முடியவில்லையாம். பழைய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்த டாக்டரம்மா நம்மை உட்காரவைத்து விளக்கினார்.

"உப்பை நெறையக் கரைச்ச தண்ணியில வெச்சு அனுப்பணுங்க. இதுல உப்பு பத்தல. அனுப்பறதுக்கும் லேட் பண்ணிட்டாங்க."

"உப்பா?"

"ஆமாங்க. சாதாரண உப்புதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா மூட்டையா கொண்டாந்து போட்டிருப்பனேம்மா!"

மறுபடி சோதிக்க வழியுண்டா என்று கேட்டாய். அக்காவை எரித்துவிட்டிருந்தோம். சோதிக்க எதுவும் மிச்சமில்லை. வழக்கும் நிற்கவில்லை.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் காய்ச்சலோடு படுத்தாய். ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டாய். "எனக்கு என்னான்னு யாரும் பாக்க வேணாம்." நீ என்னிடம் கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான்.

அக்கா புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது எதிர்ப்படுகிறார். கொன்றவரா, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. நீ விட்டுப்போன கேள்வியோடு அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

"நல்லாருக்கியாம்மா?" என்கிறார்.

"இருக்கேன் மாமா" என்கிறேன்.