மிளகாய்ப் பழம் ஒரு படி

12 பிப். 1974, செவ்வாய்

வெயில் இப்போதே பங்குனி போல. காலேஜில் இரண்டு வகுப்பு போகவில்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மனு எழுதினோம். நான், சேது, இன்னும் நாலு பேர். என் எழுத்து நன்றாக இருக்கும் என்று பேனா என்னிடம்.

1. மிளகாய் பறிக்கும் பெண்களுக்கு சர்க்கார் சொன்ன குறைந்தபட்சக் கூலி.
2. கூலி முழுவதும் ரொக்கம். சாயங்காலம் ஆளுக்கு ஒரு படி மிளகாய்ப் பழம் அளந்து ஒப்பேற்றும் பழைய வழக்கம் ஒழிய வேண்டும்.

இரண்டாவது என் யோசனை. "ஏலே, பிரமாதம்டா" என்றான் சேது. அவன் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. எங்களுக்கு நரிக்குடிப் பக்கம் மிளகாய்க் காடு. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மனுவின் அடியில் எங்கள் பெயர் வேண்டாம், பறிப்பவர்கள் கைரேகையே போதும் என்று முடிவு.

சோப்பு வாங்க மறந்தேன்.

16 பிப்., சனி

ஊர். அப்பா சந்தைக்குப் போன நேரம் பார்த்து எங்கள் காட்டிலேயே ரேகை வாங்கினேன். முதலில் முத்தம்மா. எனக்கு நினைவு தெரிந்த நாளாக எங்களுக்குப் பறிப்பவள்.

"என்ன தம்பி எழுதியிருக்கு?"

"கூலி கூடும்."

"கூடுனா நல்லதுதான்."

மொத்தம் பதினேழு ரேகை. மைப் பெட்டி முழுக்க அவர்கள் கைக் காரம். தெரியாமல் கண்ணைக் கசக்கி, அரை மணி நேரம் தொட்டித் தண்ணீரில் முகம். பெண்கள் ஒரே சிரிப்பு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

25 பிப்., திங்கள்

ஊர்வலம். தாலுகா ஆபீஸ் வாசலில் மூன்று மணி நேரம் கோஷம். தொண்டை போய்விட்டது. தாசில்தார் காட்டுக்காரர்களைக் கூப்பிட்டு விட்டார். வெள்ளைச் சட்டையில் அப்பாவும்.

சண்டை வரும் என்று நினைத்தேன். மனுவை வாசித்தார்கள், தங்களுக்குள் ஏதோ பேசினார்கள், கால் மணியில் இரண்டுக்கும் சம்மதம். முதல் கையெழுத்து அப்பா. சேது என்னைத் தோளில் தூக்கிவிட்டான்.

பஸ் ஏறும்போது அப்பா கேட்டது, "சாப்டியா?" அவ்வளவுதான்.

2 மார்ச், சனி

சாயங்காலம் களம். பெண்கள் வழக்கம்போல மடியை விரித்து நின்றார்கள். அப்பா காசை மட்டும் கொடுத்தார்.

"பழம்யா?" முத்தம்மா.

"இனி ரொக்கந்தான். நீங்க ரேகை வச்சுக் குடுத்ததுதானே. தம்பிட்ட கேளு."

கூலியில் கூடியது எட்டணாதான். மிளகாய் விலை இந்த வருஷம் ஏறிக் கிடக்கிறது. அந்த ஒரு படியைக் காயவைத்துக் கடையில் போட்டால் அதற்கு மேலேயே தேறும். புளி, மண்ணெண்ணெய், உப்பு எல்லாம் அதில்தான். அப்பாவுக்குத் தெரியும். சேது அப்பாவுக்குத் தெரியும். பதினேழு பேருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

முத்தம்மா மடியை உதறிக் கட்டிக்கொண்டு போனாள். வெட்கமாக இருந்தது. ராத்திரிச் சாப்பாடு.

"மனு நல்லா எழுதியிருந்த. எழுத்து முத்து முத்தா இருந்துச்சு." அப்பா, மோர் ஊற்றிக்கொண்டே.

7 மார்ச், வியாழன்

சேதுவிடம் புது மனு என்றேன். "ஜெயிச்சத யாராச்சும் மாத்துவாகளாடா? பரீட்சைக்குப் படி." கெமிஸ்ட்ரி இரண்டு பாடம் பாக்கி. சோப்பு வாங்கினேன்.

9 மார்ச், சனி

தனியாகவே எழுதினேன். கூலியும் வேண்டும், படிப் பழமும் வேண்டும். பகலிலேயே காட்டுக்குப் போனேன். அப்பா வேப்ப மரத்தடியில், கட்டிலில். தடுக்கவில்லை.

மைப் பெட்டியை நீட்டினேன். முத்தம்மா கையைச் சேலையில் துடைத்தாள், நீட்டவில்லை.

"மொத வாசிங்க தம்பி."

வாசித்தேன்.

"இன்னொருக்கா."

வாசித்தேன். மற்ற பெண்களும் பறிப்பை விட்டு வந்து நின்றார்கள்.

"சரியாத்தான் இருக்கு. ஒங்க கையெழுத்த மொதல்ல போடுங்க. எங்களுக்கு மேல. அய்யா பாக்கட்டும்."

போட்டேன். அப்பா எழுந்து வந்துகொண்டிருந்தார்.